இரண்டும் செவ்வரளி

எங்கள் பக்கத்தில் யாரிடம் என்னைப் பற்றிக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஆள் முன்கோபி, ஆனால் சூதுவாது தெரியாதவன். முன்கோபி என்பதை நான் மறுக்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்காத மாட்டோடு சண்டை போட்டு, பாதி உழவில் ஏரை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டவன் நான். இரண்டாவதாகச் சொல்கிறார்களே, அதைத்தான் இத்தனை வருஷமாக வாயை மூடிக்கொண்டு கேட்டுவருகிறேன். கோபமுள்ள இடத்தில் குணமிருக்கும் என்பார்கள். குணம் இருக்கிறதோ இல்லையோ, கோபக்காரன் பொய் சொன்னால் அதை ஒருவரும் சந்தேகப்படுவதில்லை. இது நான் அனுபவித்துக் கண்டது.

அப்போது நாங்கள் இலுப்பூருக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் இருந்தோம். நான், என் மனைவி, ஏழு வயதில் ஒரு மகள், இரண்டு வயது நிறையாத ஒரு மகன். கொஞ்சம் மேட்டு நிலமும் ஒரு கிணறும் எங்களுக்கு இருந்தன. இரண்டு வருஷம் அடுத்தடுத்து மழை பொய்த்தது. முதல் வருஷம் போட்ட வரகு கருகியது. இரண்டாம் வருஷம் விதைக்கவே இல்லை. ஒரு பொழுது முழுக்க மாடு கட்டி இறைத்த கிணற்றில், மாடு நாலு நடை போய்வருவதற்குள் தோல்சால் தரை தட்டியது. எட்டிப் பார்த்தால் பாறைதான் தெரிந்தது. ஊரில் சிலர் சிலோனுக்குப் போனார்கள், சிலர் பர்மாவுக்குப் போனார்கள். கடல் தாண்ட எனக்குத் தைரியம் இல்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, 'அந்நிய தேசத்துச் சோறு எனக்கு வேண்டாம்' என்று வீறாப்பாகச் சொல்லித் திரிந்தேன்.

கடல் தாண்டாமல் போவதற்கு எங்களுக்கு இரண்டு இடம் இருந்தது.

ஒன்று திருமயம் பக்கம். அங்கே என் மனைவியின் அண்ணன் இருந்தார். தாய் தகப்பன் இல்லாத தங்கையை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர். வற்றாத கிணற்றோடு தோட்டமும், இரண்டு கட்டை வண்டியும் அவருக்கு இருந்தன. செட்டிநாட்டு ஊர்களில் பெரிய பெரிய வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம். ரயிலில் வந்து இறங்கும் மரத்தையும் இரும்பையும் அந்த வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கே வண்டி போதவில்லை. ஒரு வண்டியை நான் ஓட்டலாம், தோட்டத்தில் பாதியை நான் பார்க்கலாம் என்று சொல்லியனுப்பினார்.

இன்னொன்று அறந்தாங்கிப் பக்கம். கல்லணையிலிருந்து புதிதாக ஆறு வெட்டி அதுவரைக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று சந்தையில் இதே பேச்சாக இருந்தது. நேற்றுவரை ஆடு மேய்ந்த பொட்டலெல்லாம் நெல் வயலாகிறதாம். அங்கே ஒரு மிராசுதாரர், காட்டைத் திருத்தி நடவு செய்கிறவனுக்கு விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு நிலம் விடுகிறார் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். நமது சமஸ்தானத்து எல்லையைத் தாண்டி வெள்ளைக்காரன் சீமைக்குள் போக வேண்டும். அங்கே எங்களுக்கு ஈ காக்காய் தெரியாது.

என் மனைவிக்கு யோசிக்க ஒன்றுமே இல்லை.

"அண்ணன் கூப்புடுது. கண்ணுக்குத் தெரிஞ்ச எடம். புள்ளைகளுக்கு ஒரு தலவலி காச்சல்னா ஓடி வர ஆளு இருக்கு. அங்கிட்டு யாருங்க இருக்கா நமக்கு?"

அவள் சொன்னது சரி. அன்றைக்கும் அது சரியென்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் மச்சான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், பத்துப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, என் தோளைத் தட்டிச் சொன்னார்.

"மாப்ளே, இதுல யோசிக்க என்ன இருக்கு? கெளம்பி வாங்க. நம்ம வீட்டுல நாலு எலை கூடப் போட்டா என்ன கொறஞ்சா போகும்?"

நல்ல மனசோடு சொன்ன சொல். பந்தியில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். எனக்கு மட்டும் வாயில் வைத்த சோறு இறங்கவில்லை. நாலு இலை. கைகால் திடமாக இருக்கும்போதே நான் இலைக் கணக்கில் போய்விட்டேன் என்று மனசு பொருமியது. மச்சினன் வீட்டு இலையில் உட்காருவதைவிட முன்பின் தெரியாதவன் காட்டில் முள் வெட்டலாம் என்று அந்தப் பந்தியிலேயே முடிவு செய்துவிட்டேன். அதை வெளியே சொல்லத்தான் எனக்கு ஒரு நியாயம் கிடைக்கவில்லை. தண்ணீர், நெல், காவிரி என்று பேசினேன். அவள் அண்ணன், அண்ணன் என்றாள். மூன்று வாரம் வீட்டில் இதே ரகளை. கடைசியில் அவளே ஒரு நாள், "பூக்கட்டிப் பாத்துருவோம். ஆத்தா எங்கிட்டுச் சொல்றாளோ அங்கிட்டுப் போவோம். அதுக்கப்பறம் நான் வாயத் தொறக்கல" என்றாள்.

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் ஊரில் புதிதல்ல. பெண் எடுக்க, கிணறு வெட்ட, மாடு வாங்க, எல்லாவற்றுக்கும் கண்மாய்க்கரைப் பிடாரியைக் கேட்பார்கள். ஒரு செவ்வரளி, ஒரு வெள்ளரளி. தனித்தனியாகப் பூவரச இலையில் வைத்து, வெளியே தெரியாமல் நாரால் கட்டி, அம்மன் முன்னால் போடுவார்கள். விவரம் தெரியாத பிள்ளை ஒன்று வந்து ஒரு பொட்டலத்தை எடுக்கும். அதில் எந்தப் பூ இருக்கிறதோ அதுதான் அம்மன் வாக்கு. மிச்சமிருக்கும் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அப்படியே கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிட வேண்டும். அம்மன் வேண்டாம் என்று ஒதுக்கியதை மனுஷன் பார்ப்பது அடாது என்று எங்கள் ஊரில் கட்டுப்பாடு. மற்ற ஊர்களில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். எங்கள் ஊரிலும் அப்படி இருந்திருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

வெள்ளை வந்தால் திருமயம், சிவப்பு வந்தால் அறந்தாங்கி என்று அவள்தான் சொன்னாள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போனோம். மச்சானும் வந்திருந்தார். அங்கே பூசாரி செவ்வாய்க்கிழமைதான் வருவார். பூக்கட்ட அவர் தேவையும் இல்லை, வீட்டுக்குப் பெரியவர் கட்டலாம். என் மனைவி அண்ணனைப் பார்த்தாள். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் கட்டக் கூடாதுத்தா. எங்க வீட்டுக்கு வரணுமா வேணாமாங்கறதுதான கேள்வி? நாளைக்கு மாப்ளைக்கு மனசுல ஒரு இது வந்துறக் கூடாது. அவரே கட்டட்டும். கோவக்காரரு, ஆனா சூது தெரியாதவரு."

நான் பூவையும் இலையையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்புறம் போனேன்.

திட்டம் போட்டுச் செய்தாயா என்று யாராவது கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் பூப்பறிக்கும்போது ஒரு செவ்வரளிக்கு இரண்டாகப் பறித்தேனே, அது ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. முதல் இலையில் சிவப்பை வைத்துக் கட்டினேன். இரண்டாவது இலையை விரித்து வெள்ளையை வைத்தேன். வைத்துவிட்டு ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு இலை கூடப் போட்டா என்ன கொறஞ்சா போகும். வெள்ளையை எடுத்து மடியில் செருகிக்கொண்டு அந்த இடத்தில் இன்னொரு சிவப்பை வைத்தேன். முடிச்சுகூட நன்றாகவே விழுந்தது.

மகளைத்தான் எடுக்கச் சொன்னோம். விவரம் தெரியாத பிள்ளை என்று ஏழு வயதுக்காரியைச் சொல்ல முடியாது. ஆனால் கைராசிக்காரி என்று ஊரில் அவளுக்குப் பெயர். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, பக்கத்துக் காட்டுக்காரர்களும் விதைப்பு நாளில் முதல் பிடி விதையை அவள் கையால் போடச் சொல்லிக் கூட்டிப்போவார்கள். அவளுக்கும் அதில் பெருமை உண்டு. அன்றைக்குக் குளித்து, ஈரத் தலையோடு வந்து அம்மன் முன்னால் உட்கார்ந்தாள். இடது பக்கத்துப் பொட்டலத்தின் மேல் கையை வைத்தாள். வைத்த கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எதுப்பா எடுக்க?"

"ஒனக்கு எது தோணுதோ அத எடு தாயி" என்றேன்.

அந்தச் சொல்லை நான் எப்படிச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அவ்வளவு வாஞ்சையாகச் சொன்னேன்.

அவள் வலது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தாள். என் மனைவி பிரித்தாள். சிவப்பு. அவள் முகம் சுருங்கியது ஒரு நொடிதான். கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா சொல்லிட்டா" என்றாள். மச்சான் மற்றப் பொட்டலத்தை எடுத்துப்போய்ப் பயபக்தியோடு கோயில் கிணற்றில் போட்டுவிட்டு வந்தார். வந்து, "சாமி சொன்ன பெறகு மனுசன் பேச்சு என்ன? போயிட்டு வாங்க மாப்ளே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மடியில் இருந்த வெள்ளரளியை அன்று மாலை எங்கள் வற்றிய கிணற்றில் நான் போட்டேன். பாறை மேல் அது விழுந்து கிடந்ததைக்கூடப் பார்த்தேன்.

அறந்தாங்கிப் பக்கம் போன முதல் வருஷம், நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். வாய்க்காலில் தண்ணீர் தளும்பியது. காரை முள்ளையும் சூரையையும் வெட்டித் திருத்தின கொல்லையில் நாற்று பச்சென்று நின்றது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் நெல்லுச் சோறு பார்த்த பிள்ளைகள் மூன்று வேளையும் நெல்லுச் சோறு தின்றன. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "நான் எடுத்த பூதான், அதான் இங்க வந்தோம்" என்று மகள் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நானும் சும்மா இருக்கவில்லை. "எல்லாம் எம் மக கைராசி" என்று அவளைத் தூக்கிவைத்துப் பேசினேன். மச்சானுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். இங்கே இலை போடுவதற்குப் பஞ்சமில்லை, நீங்கள் ஒரு முறை வந்து சாப்பிட்டுப் போக வேண்டும் என்று எழுதினேன். அவருக்குக் குத்தல் புரிந்திருக்காது. சந்தோஷம் என்று பதில் எழுதியிருந்தார்.

இரண்டாம் வருஷம் காய்ச்சல் வந்தது. புது ஆற்றுத் தண்ணீர் நின்ற இடமெல்லாம் கொசு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் தூக்கிப்போடும்; எத்தனை சாக்கைப் போர்த்தினாலும் பல் கிட்டிக்கொள்ளும். பிறகு உடம்பு நெருப்பாகக் கொதிக்கும். எங்கள் குடிசை வரிசையில் காய்ச்சல் படுக்காத வீடு இல்லை. சர்க்காரிலிருந்து கொயினா மாத்திரை கொடுத்தார்கள். எனக்கு வந்தது, போனது. என் மனைவிக்கு வந்தது, போனது. மகனுக்கு வந்தது, போகவில்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு வயிறு மட்டும் உப்பிக் கைகால் குச்சியாகிவிட்டது. கொயினாவின் கசப்புத் தாங்காமல் அவன் துப்பினான். நான் அதற்கும் கோபப்பட்டேன். ஒரு தடவை முதுகில் அடித்துக்கூட விழுங்க வைத்தேன்.

காய்ச்சல் வந்த இரண்டாம் மாதமே என் மனைவி கேட்டாள்.

"அண்ணன் வீட்டுக்குப் போயிருவோங்க. புள்ள தேறட்டும், பெறகு வருவோம். கும்புட்டுக் கேக்குறேன்."

போயிருக்கலாம். வண்டி கட்டினால் இரண்டு நாள் பாதை. திருமயத்தின் காய்ந்த காற்றில் அவன் தேறியிருப்பான் என்று சொல்ல எனக்கு வைத்தியம் தெரியாது. தேறியிருக்க மாட்டான் என்று சொல்லவும் தெரியாது. நான் சொன்னது இதுதான்: "சாமி சொன்ன எடத்த விட்டுட்டுப் போகச் சொல்றியா? அப்பறம் அதுக்கு வேற ஒண்ணு வந்துச்சுன்னா?"

அவள் அதற்கு மேல் பேசவில்லை. அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டேன் என்று அவளே சொல்லியிருந்தாளே. பூவை மாற்றியது ஒரு பொய் என்றால், அந்தப் பொய்யைச் சாமி வாக்கு என்று நானே சொல்லி என் பிள்ளையின் பாதையை மறித்தது அதைவிடப் பெரிய பாவம். முதலாவதற்காவது ரோஷம் என்று ஒரு பெயர் வைக்கலாம். இதற்கு வைக்க ஒரு பெயரும் இல்லை.

கார்த்திகை பிறந்து சில நாளில் அவன் போய்விட்டான். காலை வேளை. வெயில் நன்றாக ஏறிவிட்டிருந்தது. நாலு பேர் வந்தார்கள்; அவர்களில் இரண்டு பேருக்குக் குளிர் காய்ச்சல். காரியம் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது என் மனைவி குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தாள். மகள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவளிடம் நீட்டினாள். என் மனைவி அந்தச் செம்பைப் பார்க்கவில்லை, பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

"எந்தக் கையாலடி அந்தப் பொட்டலத்த எடுத்த?"

கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். மகள் செம்பைக் கீழே வைத்துவிட்டுத் தன் வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

நான் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவோ அற்ப விஷயத்துக்கெல்லாம் ஊரைக் கூட்டுகிறவன். பக்கத்து வீட்டுக் கோழி வந்து நெல்லைக் கொத்தினால் தெருவே அதிரக் கத்துகிறவன். அன்றைக்கு என் வாய் திறக்கவில்லை. 'அவ கையில ஒண்ணுமில்ல, ரெண்டுலயும் செவப்புதான் இருந்துச்சு' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சுப் போதும். சொன்னால் என் மனைவி என்னோடு இருக்க மாட்டாள் என்று பயந்தேன். பயந்துகொண்டு, என் பிள்ளையை அந்தப் பழிக்குக் கொடுத்தேன். என் மனைவி அடுத்த நாளே மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான்.

தை மாதம் திருமயத்துக்குப் போனோம். எதையும் கேட்காமல் மச்சான் வண்டியிலிருந்து மூட்டையை இறக்கினார். மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். அவர் மனைவி இலை போட்டுக்கொண்டே வந்தாள். எங்களுக்கு மூன்று இலை. நாலு இலை என்று சொல்லித்தான் கூப்பிட்டிருந்தார். அவருக்கு அது நினைவில் இருந்ததோ இல்லையோ தெரியாது. என் பக்கம் பார்க்காமல், "மாப்ளைக்குச் சோத்தப் போடு" என்று மட்டும் சொன்னார். அந்த வீட்டுச் சோறு அன்றைக்கு முதல் இன்றுவரை எனக்குப் புளித்ததில்லை. அதுதான் எனக்குத் தண்டனை. ஒரு நாளாவது அவர் குத்திக் காட்டியிருந்தால், அன்றைக்குச் செய்ததற்கு ஒரு நியாயம் கிடைத்தது என்று பிடித்துக்கொண்டிருப்பேன். அந்த மனுஷர் அதற்கு இடமே கொடுக்கவில்லை.

நான் வண்டி ஓட்டினேன். தோட்டத்தில் பாதியைப் பார்த்தேன். யுத்தம் வந்தது, மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் அலைந்தோம், யுத்தம் முடிந்தது. மகள் வளர்ந்தாள். வேலைக்கு அவளைப் போல் ஒருத்தி கிடையாது. ஆனால் எதையும் முதலில் தொட மாட்டாள். விதைப்பு நாளில் காட்டுக்கு வருவாள், எல்லோரும் போட்ட பிறகுதான் கூடையில் கை வைப்பாள். ஜவுளி மூட்டைக்காரன் வந்து சேலையை விரித்தால், "நீங்களே பாத்து எடுங்க ஆத்தா" என்று உள்ளே போய்விடுவாள். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனால் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வருவாள். அடக்கமான பெண் என்று ஊரில் மெச்சினார்கள். அது அடக்கம் அல்ல என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். தெரிந்தும், நாளைக்குச் சொல்லலாம், அவளுக்கு விவரம் வரட்டும், இந்தப் பொங்கல் போகட்டும் என்று தள்ளித் தள்ளிப் பத்து வருஷம் ஓட்டினேன்.

சமஸ்தானம் போய், இந்தியாவோடு சேர்ந்த சமயத்தில் அவளுக்கு இரண்டு இடத்தில் கேட்டு வந்தார்கள். ஒன்று கீரனூர்ப் பக்கம், ஒன்று பொன்னமராவதிப் பக்கம். இரண்டும் நல்ல இடம். என் மனைவியால் முடிவு செய்ய முடியவில்லை. திருமயத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பார்த்துப் பூக்கட்டிப் பார்த்துவிடலாமா என்றாள். சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டாள். மகள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

அன்று மத்தியானம் வீட்டில் வேறு யாரும் இல்லை. மகள் வண்டியின் நிழலில் உட்கார்ந்து விதைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் விதைப்பு. நானும் போய் எதிரில் உட்கார்ந்து இரண்டு கை அள்ளி உடைத்தேன். அவளாகவே பேசினாள்.

"மாமாவே பாத்து ஒரு எடத்தச் சொல்லட்டும்ப்பா. எதுன்னாலும் நான் போறேன். என்னையப் பொட்டலம் எடுக்க மட்டும் சொல்லாதீங்க."

"யாரும் சொல்லல தாயி."

"ஒங்களுக்கு ஒண்ணு தெரியுமா?" என்றாள். கடலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அன்னைக்கு நான் மொதல்ல எடதுபக்கத்துப் பொட்டலத்துலதான் கைய வச்சேன். அப்பறம் மாத்திட்டேன். ஏன் மாத்துனேன்னு எனக்கே தெரியல. மாத்தாம இருந்திருந்தா தம்பி இருந்திருப்பான்."

பத்து வருஷம். இந்தப் பெண் பத்து வருஷமாக இதை ஒருத்தரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். கையிலிருந்த கடலையைக் கூடையில் போட்டேன்.

"அதுலயும் செவப்புதான் இருந்துச்சு" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள்.

"ரெண்டுலயும் செவப்புதான் வச்சேன். வெள்ளப் பூவ எடுத்து மடியில வச்சுக்கிட்டேன். ஒங்க மாமா வீட்டுக்கு வரக் கூடாதுன்னுதான். நீ எத எடுத்திருந்தாலும் அறந்தாங்கிக்குத்தான் போயிருப்போம். ஒங் கையில ஒண்ணுமில்ல தாயி. எல்லாம் நான் செஞ்சது."

சொல்லி முடித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என்னைக் காறித் துப்புவாள், எழுந்து போய்விடுவாள் என்று காத்திருந்தேன். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். சிரித்தாள்.

"போங்கப்பா" என்றாள். "சின்னப்புள்ளைக்குச் சொல்றாப்புல சொல்றீங்க."

"சத்தியமா தாயி."

"சத்தியமெல்லாம் பண்ணாதீங்க. எம் மனசு ஆறட்டும்னுதான் சொல்றீங்க, எனக்குத் தெரியாதா? சாமி முன்னாடி சூது பண்ற ஆளா நீங்க? கோவப்படுவீங்க. பொய் சொல்ல ஒங்களுக்கு வராது."

நான் மறுபடியும் சொன்னேன். மடியில் இருந்த பூவைச் சொன்னேன், வற்றிய கிணற்றைச் சொன்னேன், நாலு இலையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் என் மேல் பாசம்தான் கூடிக்கொண்டு போனது. நான் இவ்வளவு ஜோடித்துச் சொல்ல வேண்டுமென்றால் அவள் மேல் எனக்கு எவ்வளவு உயிர் இருக்க வேண்டும் என்று அவள் நினைப்பது எனக்குத் தெரிந்தது. மச்சானிடம் கேட்கச் சொல்லலாம் என்றால், அந்தப் பொட்டலத்தை அவர் பிரித்துப் பார்த்ததில்லை. ஒருவரும் பார்த்ததில்லை.

கடைசியில் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இத ஆத்தாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்கப்பா. அது வெள்ளந்தி. நெசம்னு நம்பிரும். அப்பறம் ஒங்க மூஞ்சில முழிக்காது."

நான் சொல்லவில்லை. என் மனைவி இருந்த காலம் மட்டும் சொல்லவில்லை. மகள் சொன்ன பேச்சைத் தட்டக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவளை மச்சான் சொன்னபடி பொன்னமராவதிப் பக்கம் கொடுத்தோம், நன்றாக இருக்கிறாள்.

அந்த விதைப்பைத்தான் சொல்ல வேண்டும். மறுநாள் காலையில் ஏர் ஓட்டி, சால் திறந்து, எல்லோரும் கூடையைச் சுற்றி நின்றோம். முதல் பிடி விதையை அள்ளி மகளிடம் நீட்டினேன். எல்லார் முன்னாலும் அவள் கையால் போட வைத்துவிட்டால் அதுவாவது ஒரு பரிகாரம் என்று நினைத்தேன். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்க போடுங்கப்பா" என்றாள். "ஒங்க கைதான் சுத்தமான கை."

மச்சான் தலையை ஆட்டினார். என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். நான் குனிந்து முதல் பிடியைப் போட்டேன். அந்த வருஷம் கடலை நல்ல விளைச்சல்.